நாள் கணக்கு முதலில், நாலு பேர் கணக்கு அப்புறம்

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கையால் எழுதி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். எழுதியவரிடமும் கேட்டேன், கடிதம் யாரைப் பற்றியதோ அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

அவருடைய அக்கா தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அத்தானுக்கு மலேசியாவில் வேலை. அவர்களுடைய மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் வந்துபோவது சிரமம் என்று போன வருடத்திலிருந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அக்காவின் நாத்தனார் மகனுக்கு இவளைக் கொடுப்பது என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது. பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு லீவில் வந்து, சில நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். இப்போது கிட்டில் இரண்டு கோடு தெரிகிறது. முதலில் "பார்த்துக்கலாம்" என்றவன் பத்து நாளாகப் போனை எடுப்பதில்லை. அக்காவுக்கு இன்னும் தெரியாது.

மீதியை அந்தச் சகோதரியின் வார்த்தையிலேயே தருகிறேன்:

"தெரிந்த மெடிக்கலில் மாத்திரை தருகிறேன் என்கிறார்கள். வீட்டிலேயே முடித்துவிடலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பா கையெழுத்து கேட்பார்கள், போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்கிறார்களே? முதல் கர்ப்பத்தைக் கலைத்தால் அப்புறம் பிள்ளையே தங்காதாமே? என் வீட்டுக்காரர் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குத்தான் வருவார்கள். இவளை அங்கே கொண்டுபோய் வைத்தால் பிரசவம் வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பிறக்கிற பிள்ளையை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. இல்லையென்றால் ஆடி முடிந்ததும் பையனை வரவழைத்து ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிடலாமா? எல்லாம் இந்தப் போனும் காலேஜும் பண்ணிய வேலை. அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன், டாக்டர்?"

நான்காம் பக்கத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புச் சகோதரி,

நாள் ஓடுகிற விஷயம் என்பதால் கடிதம் வந்த அன்றே உங்களுக்கு மூன்று வரி அனுப்பினேன். கடையில் மாத்திரை வாங்காதீர்கள், இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள். மற்றவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் எத்தனையோ சித்திகள் இருக்கிறார்கள். அவர்கள் கடிதம் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வரியைத்தான் நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 26 வருடமாக இந்த வேலையில் இருக்கிற நான் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்ணுக்குக் கர்ப்பத்தால் வரும் ஆபத்தை விட, "இனி எந்த முகத்தோடு இருப்பது" என்ற எண்ணத்தால் வரும் ஆபத்து சில நாட்களில் பெரிதாகிவிடும். இரவில் அவளோடு படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரைப் பட்டைகளோ இருந்தால் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவள் சொன்னால், திட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

எத்தனை வாரம்?

"புரவி எடுப்பு முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். நாங்கள் கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் அவளுக்கு மாதவிலக்கு வந்தது என்றால், எங்கள் கணக்கில் இப்போது ஒன்பது வாரம். அவளுக்கு நீர்க்கட்டி இருக்கிறது, 40 நாள், 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கரு தரிக்கும் நாள் தள்ளிப்போகும் என்பதால் எட்டு வாரமாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரு வாரத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றும். கருவைக் கலைப்பது என்று அவள் முடிவெடுத்தால், மாத்திரையால் செய்வதற்கு நம் நாட்டில் அனுமதி ஒன்பது வாரம் வரைதான். அதற்குப் பிறகு உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சை. 12 வாரம் தாண்டினால் ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்ய வேண்டும், ரத்தப்போக்கும் சிக்கலும் வாரத்துக்கு வாரம் கூடும். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாம் தவிக்கிற தவிப்பில் போவது இந்த வாரங்கள்தான்.

ஸ்கேன் இன்னொன்றையும் காட்டும். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பம் கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். கிட்டில் அதுவும் இரண்டு கோடாகத்தான் தெரியும். கலைக்கிற மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மாத்திரையால் வருகிற வலிதானே என்று இருந்துவிட்டால், குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். கடைக்காரர் ஸ்கேன் பார்க்காமல் தருகிற மாத்திரையில் எனக்கு இருக்கிற முதல் பயம் இதுதான்.

மாத்திரை, கையெழுத்து, போலீஸ்

அந்த மாத்திரை கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. சரியான வாரத்தில், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லாமல் முடிகிறது. கடையில் தானாக வாங்கும்போது வாரம் தெரியாது, கரு எங்கே இருக்கிறது என்று தெரியாது, ரத்த அளவு தெரியாது. நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் எட்டு கிராம் மட்டுமே இருக்கிற பெண்ணுக்கு ஒரு ராத்திரி ரத்தப்போக்கே போதும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சலும் நாற்றமும் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித் தருவாரா? இரண்டு வாரம் கழித்து முழுதாக வெளியேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வாரா?

பப்பாளி, எள்ளும் கருப்பட்டியும், அன்னாசி என்று ஒரு வாரத்தைச் சிலர் வீணாக்குவார்கள். அதால் கலையாது, வயிறு கெடும். ஆனால் மருத்துவச்சியிடம் போகலாம், குச்சி வைத்துக் கலைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். மதுரையில் நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது அப்படி வந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கும் 19 வயதுதான்.

இதிலேயே உங்களுடைய இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. முறையாகச் செய்த கருக்கலைப்பால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு கெடாது. கிருமி தொற்றிக் கருக்குழாய் அடைபடும்போதுதான் கெடுகிறது, அது ஒளித்துச் செய்கிற இடங்களில் நடப்பது. முதல் கர்ப்பமா மூன்றாவதா என்பதில் ஒரு விசேஷமும் இல்லை. கலைத்த இரண்டே வாரத்தில் மறுபடி கரு தரிக்க முடியும் என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஆணுறையோ, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையோ, அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியோ, எது அவளுக்குப் பொருந்தும் என்று அதே டாக்டரிடம் அன்றைக்கே பேசலாம். "இனிமேல் அவளுக்கு எதற்கு அது" என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, சுளித்துவிட்டு அவள் பேச வழிவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி தப்பு. கருக்கலைப்புச் சட்டம் 1971-லிருந்து இருக்கிறது, 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு டாக்டரின் கருத்து போதும். இந்தக் கர்ப்பம் அவளுடைய உயிருக்கோ, உடல் மன நலத்துக்கோ பெரிய பாதிப்பு என்று அவர் எழுத வேண்டும், அவளுடைய வாழ்க்கைச் சூழ்நிலையையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். திருத்தத்துக்கு முன்னால் கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் இடத்தில் "மணமான பெண், கணவர்" என்றிருந்தது, இப்போது "பெண், துணைவர்" என்று மாறியிருக்கிறது. 20 முதல் 24 வாரம் வரை சில நிலைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்தோடு செய்யலாம். அதிலும் கல்யாணமாகாதவர்களை ஒதுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

18 வயது முடிந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டும்தான் தேவை. அப்பா, அம்மா, அந்தப் பையன் யாருடையதும் வேண்டாம். நடைமுறையில் சில இடங்களில் "யாராவது பெரியவங்க வாங்க" என்பார்கள். கூடப் போகிறவராக நீங்கள் இருந்தால் போதும். அதற்கு மேல் வற்புறுத்தினால் வேறு இடம் பாருங்கள். அரசு மருத்துவமனையில் செலவில்லை. தனியார் என்றால் இதற்கு அனுமதி பெற்ற இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரைக்குடியில் தெரிந்தவர் கண்ணில் படும் என்று பயந்தால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரையும் திருச்சியும் எட்டிவிடும் தூரம்தான்.

அவளுக்கு 19 வயது, விருப்பத்தோடு நடந்தது என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் டாக்டருக்கு இல்லை. வெளியே சொல்வதுதான் குற்றம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேஸ் ஷீட்டில்கூடப் பெயருக்குப் பதில் ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டும். ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம் நிரப்புவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைத்திருக்கிற நடைமுறை அது.

18 வயது ஆகாத பெண் என்றால் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவளும் பெற்றோரும் கேட்டால் டாக்டர் சொல்லாமல் இருக்கலாம் என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்காக இதைச் சேர்க்கிறேன்.

"விருப்பத்தோடு" என்று மேலே எழுதிவிட்டேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளைத் தனியாக வைத்து, குரலை உயர்த்தாமல் கேட்டீர்களா? பேசி வைத்த பையன் என்பதற்காக அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போயிருக்கலாம். அப்படி இருந்தால் பேச்சே வேறு. 181-ஐ அழைத்தால் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சிகிச்சை, சட்டம், தங்குமிடம் மூன்றுக்கும் வழி சொல்வார்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடு

சகோதரி, உங்கள் யோசனைகளில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். கதை கேட்பது போல இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் இப்படித்தான் ஒரு பெண்ணை ஒரு பூட்டிய வீட்டின் இரண்டாம் கட்டில் வைத்திருந்தார்கள். தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ஓடுகிற வீடு, முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. சோறு மட்டும் போய்வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, இரும்புச் சத்து மாத்திரை இல்லை, டிடி ஊசி இல்லை. எட்டாம் மாதம் கால் வீங்கி, தலைவலி என்றாளாம். தைலம் தேய்த்திருக்கிறார்கள். விடிகாலையில் வலிப்பு வந்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்ணைக் காப்பாற்றினோம். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

முதல் பிரசவத்தில், அதுவும் சின்ன வயதில், இந்த ரத்த அழுத்தக் கோளாறு அதிகமாக வருகிறது. மாதாமாதம் ஒரு நர்ஸ் கையில் பட்டை கட்டிப் பார்த்தால் தெரிந்துபோகும். நம் ஆயாக்களுக்கெல்லாம் 16, 17 வயதில் பிள்ளை பிறந்தது, அன்றைக்கு வீடு நிறைய ஆள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தக் கால ஆச்சிகளைக் கேட்டால் சொல்வார்கள். கழுத்தில் தாலி ஏறியதா இல்லையா என்று ரத்த அழுத்தத்துக்குத் தெரியாது.

அவள் விருப்பம் இல்லாமல் அங்கே வைத்தால் அது சட்டப்படி அடைத்துவைப்பது, உங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் மாட்டுவார். பிள்ளையைத் தெரிந்த குடும்பத்துக்குக் கொடுப்பதும் அப்படித்தான். செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுகிற, அதாவது தத்து எடுக்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை, நாலு பேர் அறிய, பதிவோடு நடப்பது அது. இருட்டில் கைமாற்றுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம், நடுவில் காசும் வந்தால் பிள்ளை விற்ற வழக்கு. பெற்று, வளர்க்க முடியாது என்று அவள் நினைத்தால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் தருகிறார்கள், பெயரையும் ரகசியமாக வைப்பார்கள்.

பெற்று வளர்ப்பேன் என்று சொன்னாலும் அதற்கு வழி இருக்கிறது. கல்யாணமாகாத தாயின் பெயரை மட்டும் வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம், 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் கேட்கக் குழந்தைக்கு உரிமை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து கர்ப்பிணி எண் வாங்க வேண்டும். அவள் கையில் ஒரு வேலையோ படிப்போ இல்லாமல் இது மலையேற்றமாக இருக்கும் என்பதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

இத்தனை வழி சொல்கிறேனே, இதில் எது என்று உங்களிடம் நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? உங்கள் நான்கு பக்கத்தில் அக்கா இருக்கிறார், அத்தான் இருக்கிறார், நாத்தனார், கடைக்காரர், பிள்ளை கேட்கும் குடும்பம் எல்லோரும் இருக்கிறார்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. வைத்துக்கொள்ளச் சொல்லியோ, கலைக்கச் சொல்லியோ யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும், பாலில் கலந்து கொடுத்தாலும் அதே சட்டம்தான்.

ஆவணியில் கல்யாணம்

பத்து நாளாகப் போனை எடுக்காதவனை இழுத்துவந்து மணவறையில் உட்கார வைக்கலாம். அப்புறம்? வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குச் சீர் கணக்கு ஏறும், நாத்தனார் பேச்சும் ஏறும். வாழ்நாள் முழுக்க "உன்னைக் கட்டிக்கொண்டதே பெரிது" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அவனும் மனதாரக் கேட்டு, அவளும் விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அவன் லீவு கிடைத்து வருகிற வரைக்கும் என்று மருத்துவ முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். முகூர்த்தம் பார்க்கும் காலண்டர் வேறு, இது வேறு.

கல்யாணம் என்று ஏமாற்றித்தான் சேர்ந்தான் என்று அவள் நினைத்தால் புகார் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு இதற்கென்றே வந்தது. ஆனால் பேச்சு முறிந்ததெல்லாம் அதில் வராது, ஆரம்பத்திலேயே கட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லாமல் ஏமாற்றினானா என்று பார்ப்பார்கள். நான் டாக்டர், இதற்கு மேல் வக்கீல்தான் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. அவன் அனுப்பிய மெசேஜ்களைக் கோபத்தில் அழித்துவிட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. கர்ப்பத்தைத் தொடர்ந்தால், அவன் அவளுடைய சொந்த அத்தை மகன் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவில் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடச் சுமார் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றாலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவே.

போனும் காலேஜுமா?

எல்லாவற்றுக்கும் போனும் காலேஜும் காரணம் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். பையன் காலேஜில் பார்த்தவன் இல்லை, போனில் பழக்கமானவனும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் "இவன்தான் உனக்கு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த முறைப்பையன். புரவி எடுப்பு அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போனபோது "அவனும் இருக்கான்ல" என்று விட்டுப்போனவர்களும் நீங்கள்தான். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் கிளினிக்குக்கு வருகிற கல்யாணமாகாத பெண்களில் பேசி வைத்தவன், நிச்சயம் பண்ணியவன் என்று வருகிறவர்கள் நிறைய. பாதிக் கல்யாணம் ஆனமாதிரி ஒரு உரிமையைக் கொடுத்துவிடுகிறோம். அந்த உரிமையோடு வர வேண்டிய விவரம் ஒன்றையும் கொடுப்பதில்லை.

என்ன விவரம் என்று கேட்டால், உங்களோடு அவள் போனில் என்னிடம் பேசியபோது சொன்னதை, அவள் அனுமதியோடு எழுதுகிறேன். பதினேழு வயதில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்தபோது, வீட்டில் எல்லோரும் "இவளுக்குப் பிள்ளை நிற்பதே கஷ்டம்" என்று அவள் காதுபடப் பேசியிருக்கிறீர்கள். தனக்குக் கர்ப்பமே ஆகாது என்று அவள் நம்பிவிட்டாள். நீர்க்கட்டி இருந்தால் கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வராது, வராமலே போகும் என்று அர்த்தமில்லை. எப்போது வரும் என்று தெரியாததால் "பாதுகாப்பான நாள்" கணக்கெல்லாம் அவளுக்கு உதவவே உதவாது. மாதவிலக்கு தள்ளிப்போனபோதும் வழக்கமாகத் தள்ளுவதுதானே என்று ஒரு மாதம் இருந்துவிட்டாள்.

திருவிழாவின்போது அது நடந்த மறுநாளே அந்தப் பையன் அவசரகாலக் கருத்தடை மாத்திரை கேட்டு இரண்டு மருந்துக் கடை ஏறி இறங்கியிருக்கிறான். இரண்டிலும் இல்லை என்றார்களாம். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று போட வேண்டிய மாத்திரை அது. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டில் பல கடைகளில் அதைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். கர்ப்பத்தைத் தடுக்கிற மாத்திரையைக் கொடுக்காத ஊரில், ஆறு வாரம் கழித்துக் கலைக்கிற மாத்திரையை ரகசியமாகத் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு இதில் வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடுகிறார்கள். பூப்பெய்தினால் பந்தல் போட்டுச் சீர் வைக்கிறோம், தாய்மாமன் வருகிறார், பேனர் அடிக்கிறோம். மாதவிலக்கு என்றால் என்ன, கரு எப்போது தரிக்கும் என்று அந்தப் பதினாறு நாளில் யாராவது ஒருத்தர் அவளிடம் சொன்னோமா? அப்பா வெளிநாட்டில், அம்மா ஊரில், இவள் சித்தி வீட்டில் என்று இருக்கும்போது கேட்க ஆளும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் திருப்பூர், கோவை மில்லுக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள், சொந்த வீட்டு ஆணாலேயே பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. பயத்தில் நாள் கடத்தியது மட்டும் எல்லோருக்கும் பொது.

அக்காவிடம் யார் சொல்வது?

சட்டப்படி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வேண்டாம் என்றால் நீங்களும் சொல்லக் கூடாது. ஆனால் உங்களோடு பேசும்போது எனக்குத் தோன்றியது, அவள் அம்மாவிடம் சொல்லத்தான் விரும்புகிறாள், எப்படி என்றுதான் தெரியவில்லை. அவளைக் கேளுங்கள். சரி என்றால் போனில் வேண்டாம். ஸ்கேன் முடிந்து, வாரமும் வழியும் தெரிந்த பிறகு அக்காவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அக்கா முதல் அரை மணி நேரம் அழுவார், உங்களையும் ஏசுவார். ஏசட்டும். அடிக்கக் கை ஓங்கினால் மட்டும் நடுவில் போங்கள். அத்தானிடம் எப்போது சொல்வது என்பதை அக்காவும் மகளும் பேசி முடிவெடுக்கட்டும்.

அவள் உங்களிடம் வந்து சொன்னாளே, சகோதரி. தோழியிடமோ கடைக்காரரிடமோ போகாமல் உங்களிடம்தானே வந்தாள். வளர்ப்பு சரியில்லை என்று நீங்கள் அழுவதற்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான்.

இனி அந்தப் பென்சில் வரி. "டாக்டர், நவம்பரில் எனக்கு செமஸ்டர். எழுத முடியுமா?"

எழுதலாம், ஆத்தா. கர்ப்பம் வேண்டாம் என்று முடிவெடுத்து இந்த வாரத்திலேயே முடிந்தால், இரண்டு மூன்று நாள் ஓய்வு எடுத்துவிட்டுக் காலேஜுக்குப் போகலாம். லீவு லெட்டரில் வயிற்றுவலி என்று எழுது, அது பொய்யும் இல்லை. தொடரலாம் என்று முடிவெடுத்தால் நவம்பரில் உனக்கு ஆறாம் மாதம் நடக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத உடம்பு தாங்கும். தண்ணீர் பாட்டிலும் நடுவில் சாப்பிட ஏதாவதும் கையோடு வைத்துக்கொள். எந்த முடிவு என்றாலும் ஹால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் கடைசி நாளைச் சித்தியிடம் சொல்லி வை, வீட்டில் நடக்கிற பேச்சில் அது மறந்துபோகும். நாளைக்கு ஸ்கேனுக்குப் போகும்போது ஆதார் அட்டையும், கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதிய ஒரு தாளும் எடுத்துக்கொள். டாக்டர் கேட்கும்போது சித்தி பதில் சொல்ல ஆரம்பிப்பார். நீயே சொல்.